அப்பாவின் இருமலுக்கு வேலை நேரம் உண்டா?

பத்துமலையின் 272 படிகளை என் அப்பா ஒரே மூச்சில் ஏறிவிடுவார். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டே ஏறியிருக்கிறார். போன தைப்பூசத்தில் பால்குடத்தோடு பாதிப் படியில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். "கூட்டம்மா, அதான்," என்றார். கூட்டத்தால் நின்றவருக்கு மூச்சு அப்படி விசிலடிக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்பாவுக்கு 49 வயது. காப்பார் சாலைப் பக்கம் ஸ்பாஞ்சு மெத்தை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை. தொழிற்சாலையின் பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஐந்து வருஷமாக இருமல். பேனல் கிளினிக்கில் நீல நிற பம்ப் கொடுத்தார்கள், இரண்டு நாள் எம்.சி. கொடுத்தார்கள், சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டார்கள். அப்பா பிடித்ததே இல்லை. "ஆஸ்துமா, வயசாகுது" என்பதோடு விஷயம் முடிந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஐந்து வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் இரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ஏறி கிள்ளானுக்குப் போனால், அப்பாவின் இருமல் சத்தம்தான் என்னை வரவேற்கும். அது வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது.

இந்த ஆண்டு தொழில்சார் பாதுகாப்பும் சுகாதாரமும் என்று ஒரு பாடம் வந்தது. எளிதாக மார்க் வாங்கலாம் என்று சீனியர்கள் சொன்ன பாடம். அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் மேரு, காப்பார், ஷா ஆலம், பூச்சோங் பக்கம் தொழிற்சாலைக்கோ கார் பட்டறைக்கோ போகும் அப்பா, அம்மா, அண்ணன் இல்லாத வீடு குறைவு. அதனால் இதை உங்கள் வீட்டுப் பாடமாகவே படியுங்கள்.

முதலில் நுரையீரல். நாம் அதை இரண்டு பலூன் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உள்ளே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய ஒரு பூப்பந்து மைதானம் அளவுக்கு வரும். நம் தோலின் பரப்பு இரண்டு சதுர மீட்டர் கூட வராது. அதாவது உடம்பு வெளி உலகத்தைத் தொடும் மிகப் பெரிய இடம் நுரையீரல்தான். அந்தச் சுவரோ மிக மெல்லியது, இரத்தம் அடுத்த பக்கத்திலேயே ஓடுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். மூட்டை தூக்கி, டிரம் உருட்டி வேலை செய்பவருக்கு அது பல மடங்காகும். சராசரியாக நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால் கூட எட்டு மணி நேர ஷிஃப்டில் கிட்டத்தட்ட 10,000 லிட்டர். குடிக்கும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஊற்றிவிட்டு வேறு கேட்போம். இந்த 10,000 லிட்டரை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

தூசி என்றால் அளவு முக்கியம். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும், சளியோடு வெளியே வரும். நான்கைந்து மைக்ரானுக்குக் கீழே போனால் நுண்ணறை வரை இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் தூசியை விடத் தெரியாத தூசியே ஆழமாகப் போகிறது. வெயில் கீற்றில் மினுமினுப்பதைப் பார்த்து "இவ்ளோதான் தூசி" என்று முடிவு செய்யாதீர்கள்.

வாயு என்றால் தண்ணீரில் கரையும் தன்மை முக்கியம். இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இது புரிந்தால் நிறைய விஷயம் புரிந்துவிடும். அமோனியா தண்ணீரில் உடனே கரையும். கண், மூக்கு, தொண்டையின் ஈரத்திலேயே கரைந்து எரிக்கும், ஆளே ஓடிவிடுவார். ரப்பர் தோட்டத்தில் பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், அந்த நெடி நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் கையுறைத் தொழிற்சாலைக்கு வரும் பாலில் அது இருக்கிறது. கையுறையை வழுக்கலாக்கப் பயன்படும் குளோரின் இதற்கு அடுத்த நிலை, கொஞ்சம் உள்ளே இறங்கும். நைட்ரிக் அமிலம் உலோகத்தில் பட்டால் பழுப்பு நிறத்தில் எழும் நைட்ரஜன் டைஆக்சைடு அவ்வளவு எளிதில் கரையாது. ஆரம்பத்தில் லேசான எரிச்சல் மட்டும் இருக்கும். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோர்க்கலாம். அப்படி மூச்சுத் திணறினால் "சாப்பாடு ஒத்துக்கலை" என்று இஞ்சி டீ போட்டுக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

மூக்கை நம்பலாமா? "நெடி இல்லைன்னா ஒன்னும் இல்ல" என்பது அப்பாவின் வாதம். பெரும்பாலான தொழிலாளர்களின் வாதமும் அதுதான். செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களிலும் தொட்டிகளிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கின் உணர்வு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் விழுவது இப்படித்தான்.

பாதரசத்துக்கு நாற்றமே கிடையாது. தமிழ்நாட்டில் கொடைக்கானலில் 1980-களில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்களை அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு அது இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நுரையீரல் வழியாக உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக் கூடியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பது வெளியே தெரிந்து தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பிறகு தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடினார்கள். தன் தொழிலாளர்களுக்குப் பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. கடைசியில் 2016 மார்ச்சில், மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் என்பது ஒரு குழந்தை பிறந்து படிவம் மூன்று படிக்கும் காலம். நோயும் வேலையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பின்னால் போய் நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம்.

நம் நாட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது ஜொகூர், பாசிர் கூடாங். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள், 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. நாடே பார்த்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிற விஷயத்துக்கு அந்த மாதிரி தேதி கிடையாது.

தோட்டத்தில் என் பாட்டி மருந்தடிக்கிற வேலை செய்தவர். முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். களைக்கொல்லியான பாராகுவாட்டை அரசாங்கம் 2002-இல் தடை செய்தது, 2006-இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. பாட்டி அதற்குள் வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தால் மருந்து நாற்றம் இருக்காது என்று நினைத்துத்தான் அப்பாவைத் தொழிற்சாலைக்கு அனுப்பினாராம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். ஸ்பாஞ்சு செய்ய இரண்டு திரவங்களைக் கலக்க வேண்டும். ஒன்று பாலியால். இன்னொன்று டி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் டொலுயீன் டைஐசோசயனேட். கலந்ததும் பொங்கி வரும், இட்லி மாவு பொங்குவது போல, ஆனால் சில வினாடிகளில். அப்பா நிற்பது அந்தப் பொங்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஐசோசயனேட் என்ற இந்தக் குடும்பம்தான் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்குப் பல நாடுகளில் முதன்மையான காரணங்களில் ஒன்று. கார் பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னரிலும் இதே குடும்பம் இருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

மலேசியாவில் டி.டி.ஐ.க்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, பத்து லட்சத்தில் 0.005 பங்கு. அதாவது நூறு கோடி பங்கு காற்றில் ஐந்தே பங்கு. மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். நெடி வந்தது என்றால் வரம்பு எப்போதோ தாண்டிப் போய்விட்டது. அப்பாவின் வாதம் இங்கே தலைகீழாகிறது.

இதில் இன்னொரு சூட்சுமம். முதல் நாளே எதுவும் ஆகாது. மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில், உடம்பு பேசாமல் இருக்கும். ஒரு நாள் அதன் எதிர்ப்பு சக்தி இந்தப் பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரம்புக்குக் கீழே உள்ள துளி அளவே போதும், மூச்சுக்குழாய் சுருங்கும். "பத்து வருஷமா இதே வேலைதான் செய்றேன், இப்ப மட்டும் எப்படி வரும்?" என்று கேட்பவருக்குப் பதில் இது. மேலும், சுருக்கம் உடனேயும் வரலாம், நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்தும் வரலாம். அப்பா காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, இரவில்தான் இருமுவார். ஆகவே வீட்டுத் தூசி, வீட்டு ஃபேன், அம்மா ஏற்றும் சாம்பிராணி என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது. அம்மா ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதையே நிறுத்தியிருந்தார். (ஆஸ்துமா உள்ள வீட்டில் புகை குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் குற்றவாளி அது இல்லை.)

1700-ஆம் ஆண்டில் இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்க மார்பு மருத்துவக் கழகமும் ஐரோப்பிய சுவாசக் கழகமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 16 விழுக்காடு வேலையிடத்தால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர் என்று வையுங்கள்.

நான் அப்பாவை வற்புறுத்தி அரசாங்க மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஓர் இளம் மலாய் பெண் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே, "பாக்சிக், கெர்ஜா ஆப்பா?" என்றார். என்ன வேலை என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கேள்வி, லீவு நாளில் இருமல் குறையுமா? அப்பா யோசித்தார். "தீபாவளிக்கு ஊருக்குப் போனா நல்லாத்தான் இருக்கும் டாக்டர். ஊர்க்காத்து." ஊர் என்றால் எங்களுக்குப் பேராக், சித்தியவான். அங்கேயும் எதிரே மெயின் ரோடு, லோரிப் புகைதான். காற்று அப்படி ஒன்றும் உயர்வில்லை. தொழிற்சாலை இல்லை, அவ்வளவே.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. மூச்சை முழுதாக இழுத்து, ஒரே ஊதாக வேகமாக ஊத வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்று முள் காட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு தடவை, இரண்டிலிருந்து நான்கு வாரம், வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து எழுதச் சொன்னார் டாக்டர். ஒவ்வொரு வேளையும் மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுத வேண்டும். ஒரு பள்ளி நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் மூன்று நாளிலேயே அப்பா, "அதான் தெரியுமே, நானூறுன்னு போட்டுக்கோ," என்றார். தங்கையைக் காவலுக்கு வைத்தோம். தொழிற்சாலையில் இடைவேளையின்போது ஊத வெட்கப்பட்டு, கழிவறைக்குப் போய் ஊதினாராம்.

வேலை நாட்களில் காலையில் 380 பக்கம் இருக்கும், இரவில் 290-க்கு இறங்கும். நோன்புப் பெருநாளுக்குத் தொழிற்சாலை ஒரு வாரம் மூடியது. முதல் இரண்டு நாள் பெரிதாக மாற்றம் இல்லை. நான்காம் நாளிலிருந்து காலையும் 430, இரவும் 420. வேலை தொடங்கிய இரண்டாம் நாள் இரவு மறுபடி 300. இவ்வளவு படித்த எனக்கு அந்த நோட்டுப் புத்தகத்தை விடத் தெளிவான பாடப் புத்தகம் கிடைக்கவில்லை.

அப்படியானால் மாஸ்க் போட்டால் சரியாகுமா? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கொடுத்தது கோவிட் காலத்தில் நாம் போட்ட அதே நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க். அது ஆவியைத் தடுக்காது. என்95 துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் அடைத்த வடிகட்டியுள்ள மாஸ்க் வேண்டும், அந்த வடிகட்டியும் நாளாக ஆக நிறைந்துவிடும், குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டவும் வேண்டும். இங்கேதான் நம் வீட்டு விஷயம் ஒன்று வருகிறது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர்கள் தாடி வளர்க்கிறோம். மாஸ்க்கின் விளிம்பு பதியும் இடத்தில் தாடி இருந்தால் காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் போகும். விலை உயர்ந்த மாஸ்க்கும் வீண். அப்பாவின் இருமல் ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில்தான் முற்றும். குளிர்ந்த நீரில் குளிப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தாடியோடு அணியக்கூடிய, விசிறி வைத்துத் தலையை மூடும் வகை இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த ஒன்றரை மாதத்துக்கு வேறு பிரிவில் வேலை கேட்கலாம். விரதம் தொடங்குவதற்கு முன்பே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கேலி செய்வார்களோ என்று இருக்கிறோம்.

உண்மையில் மாஸ்க் என்பது கடைசி வழி. 2000-ஆம் ஆண்டு வந்த இரசாயன விதிமுறைகள் அப்படித்தான் வரிசைப்படுத்துகின்றன. முதலில் அந்தப் பொருளே தேவையா, வேறு பொருளால் முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மூடிய அறைக்குள் வைக்க வேண்டும், அல்லது எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகுதான் மாஸ்க். இந்த வரிசைக்கு ஒரு நல்ல உதாரணம் கையுறை. கோவிட் காலத்தில் உலகம் வாங்கிய ரப்பர் கையுறையில் பாதிக்கும் மேல் நம் நாட்டில் செய்தது. முன்பெல்லாம் எளிதாக மாட்ட உள்ளே சோளமாவு தூவுவார்கள். ரப்பர் பாலிலுள்ள புரதம் அந்த மாவில் ஒட்டிக் காற்றில் பறந்தது, கையுறையைப் போட்டவர்களுக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வந்தன. நர்ஸுகளுக்கு மாஸ்க் கொடுத்து அதைத் தீர்க்கவில்லை. மாவையே எடுத்தார்கள். அமெரிக்காவில் 2017 ஜனவரி 18 முதல் மாவு தூவிய மருத்துவக் கையுறைகளுக்குத் தடை.

உறிஞ்சும் குழாய் இருக்கிறது என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக் கை நீட்டும் தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைத்துப் பாருங்கள், முடியாது. உறிஞ்சும் வேகம் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்பாவின் இடத்தில் உறிஞ்சி கூரையில் இருந்தது. ஆவி கீழே எழுந்து, அப்பாவின் முகத்தைக் கடந்து, பிறகு மேலே போகும். டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, ஆவி எழும் இடத்தில் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். சாம்பிராணி ஊதுவத்தியைக் கொளுத்தி மட்டும் பார்க்காதீர்கள், கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும். இந்த உறிஞ்சிகளை 12 மாதத்துக்கு ஒரு முறை தகுதி பெற்ற ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது.

மாணவர்களாகிய நம்மால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு, அது படிப்பது. ஒவ்வொரு இரசாயன டிரம்முக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும், மலாயிலும் ஆங்கிலத்திலும். 2013-ஆம் ஆண்டு விதிமுறை அது. பதினாறு பகுதிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டாம் பகுதியில் ஆபத்து, எட்டாம் பகுதியில் வரம்பும் எந்த மாஸ்க் என்பதும். இரண்டாம் பகுதியில் எச்334 என்ற எண்ணைத் தேடுங்கள். சுவாசித்தால் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ மூச்சுத் திணறலோ வரலாம் என்பது அதன் பொருள். எச்335 என்றால் சுவாசப் பாதையில் எரிச்சல். டிரம்மின் மேல் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் இருந்தால் அதுவும் இதே கதைதான். அப்பாவைக் கைப்பேசியில் டிரம்மின் லேபிளை மட்டும் படம் எடுத்து வரச் சொன்னேன். பதினோரு வருஷமாக அவர் தினமும் பார்த்த படம். "இந்த ஆளு நெஞ்சுல பூ வெச்ச மாதிரி இருக்கும்மா, அழகுக்குன்னு நெனச்சேன்," என்றார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1994-ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகிவிட்டது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. தொழில்சார் நோய்கள் பெர்கேசோவின் கீழ் வரும். நம் பெரியவர்கள் இன்னும் சொக்சோ என்றால் கை கால் போனால்தான் என்று நினைக்கிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்த வேலைக்காயப் பாதுகாப்பு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒரு வேலை. வீட்டில் வேலைக்குப் போகிறவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்: வேலையில் மூக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது, லீவு நாளில் இருமல் குறைகிறதா, கடைசியாகப் போன டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொன்னாரா. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இருமல் எல்லாம் தொழிற்சாலையால் இல்லை. காசநோயும் இருக்கலாம், சிகரெட்டும் இருக்கலாம். நாம் கேள்வி கேட்கலாம், முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அப்பாவுக்கு டாக்டர் கடிதம் கொடுத்தார். பொருள் அனுப்பும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓட்டி இல்லை, ஷிஃப்ட் அலவன்ஸ் இல்லை, மாதம் 400 ரிங்கிட் குறைவு. என் படிப்புச் செலவு நடக்கும் நேரம். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "நீ படிச்சது எனக்குச் சம்பளத்தைக் குறைச்சிடுச்சு," என்று அம்மாவிடம் சொன்னாராம். அதில் பொய் இல்லை, எனக்குப் பதிலும் தெரியவில்லை. பெர்கேசோவில் மனு போட்டிருக்கிறோம், மருத்துவக் குழுவின் அழைப்புக்குக் காத்திருக்கிறோம். இப்போது இரவில் தூங்குகிறார். பம்ப் இன்னும் தேவைப்படுகிறது. அறிகுறி வந்த பிறகும் நீண்ட நாள் அதே காற்றில் இருந்தவர்களுக்கு முழுதாகக் குணமாவது கடினம் என்று டாக்டர் சொன்னார். ஐந்து வருஷம்.

போன வாரம் அப்பாவே பேச்சை எடுத்தார். அவர் நின்ற இடத்தில் இப்போது நேபாளத்திலிருந்து வந்த ஒரு பையன் நிற்கிறானாம். வயது 22, என் வயது. அதே நீல மாஸ்க். "அவனுக்கு மலாய் சரியா வராதும்மா. அந்தத் தாள்ல இருக்கிறதை அவன் பாஷைல எழுத முடியுமா?" என்றார். வரும் சனிக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் வகுப்பில் ஒரு நேபாள மாணவர் இருக்கிறார், எச்334-க்கு அவர் எழுதிக் கொடுத்த வரியை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பீக் ஃப்ளோ மீட்டரையும் கழுவிக் காய வைத்தாயிற்று.